பாலாற்றில் மூன்றாவது ஹெல்மெட்

தொண்ணூறுகளின் கடைசியில், பாலாற்றில் வெள்ளம் வந்தால் போதும், செங்கல்பட்டு நண்பர்கள் நாங்கள் நால்வரும் ரப்பர் படகைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். தலைக்கு எங்கள் ஸ்கூட்டர் ஹெல்மெட்தான். முன்னால் நான்; பின்னால் கோபால், சேகர், கடைசியில் ராகவன். அடிக்கடி திரும்பி அவர்களை எண்ணாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது.

"மீனையும் சேத்து எண்ணிக்கோ மச்சான்" என்று ராகவன் கிண்டல் செய்வான்.

அன்று மாலை, நுரை கொந்தளித்த ஒரு திருப்பத்தில் படகு செங்குத்தாக எழும்பி விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி எண்ணினேன். மூன்று ஹெல்மெட். "எல்லாரும் இருக்கோம், துடுப்பு போடு!" என்று கத்தினேன். கரையை நெருங்கும்வரை மறுபடி மறுபடி எண்ணினேன். மூன்றுதான்.

இறங்கிப் பார்த்தால் என்னோடு சேர்த்தே மூன்று பேர்.

"ராகவன் எங்கடா?" என்றான் கோபால்.

கரையோரமாகத் திரும்பி ஓடினோம். கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு கருவேல மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான் ராகவன். அவனுடைய ஹெல்மெட் அவன் தலையிலேயே இருந்தது. கயிறு வீசி இழுத்துப் போட்டோம். நடுக்கம் அடங்கியதும் என்னைத்தான் கேட்டான்.

"அவ்ளோ கத்துனேனே, காதுல விழலியா? சரி, என் எடத்துல ஒருத்தன் குந்திகினு போனானே, அவன் இன்னாத்துக்குடா என்னைப் பாத்துக் கைய ஆட்டினான்?"

எண்ணிக்கை சரியாக வந்ததை நம்பித்தான் நான் அவனை ஆற்றில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இப்போது பேரப்பிள்ளைகளோடு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகிறேன். தலைகளை எண்ணுவதில்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குரல் வரும்வரை காத்திருக்கிறேன்.