லாத்தாவின் காரில் அடைத்துக்கொண்ட பிரீதர் குழாய்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ரஜப் மாதம் பிறந்திருந்தது; ஐப்பசி முடிய ஒரு வாரம் இருந்தது. கூத்தாநல்லூரில், லாத்தா என்று நான் கூப்பிடும் என் அக்கா வீட்டுக் கார் கொட்டகையில், தரையில் எண்ணெய்த் துளிகளைப் பார்த்தேன். முதல் நாள் இல்லாதவை. பானெட்டைத் திறந்தால், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் தன் குழாயிலிருந்து எழும்பி நின்றது. யாரும் தொட்டிருக்கவில்லை.

லாத்தாவுக்கு நிறைமாதம். முதல் பிள்ளை ஆபரேஷனில் பிறந்ததால், வலி கண்டதும் தஞ்சாவூருக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மச்சான் குவைத்தில். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மச்சான் லீவில் வந்தால்தான் அந்த வண்டி தெருவில் இறங்கும். மற்ற மாதங்களில், ஆள் வெளிநாட்டுக்குச் சபுராளியாகச் சம்பாதிக்கப் போன வீடுகளில் எல்லாரும் செய்ததையே லாத்தாவும் செய்தாள். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து சாவியைத் திருப்பி, பேட்டரி இறங்காமலிருக்கக் கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைப்பாள். அந்த அக்கறைதான் வினையாகியிருந்தது. மச்சான் வைத்துவிட்டுப் போன கையேட்டைப் புரட்டியபோது புரிந்தது. பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் புகையும் ஈர ஆவியும் பிரீதர் குழாய் வழியாக ஏறி மறுபடி எரியப் போக வேண்டும். எஞ்சின் முழுதாகச் சூடேறாமல் தினமும் அணைந்தால் ஈரம் எண்ணெயோடு குழைந்து குழாயை அடைக்கும். போக வழியில்லாத காற்று எண்ணெயை வெளியே தள்ளும். எண்ணெய் வற்றினால் பாதி வழியில் எஞ்சின் இறுகிவிடும். அந்த வரியிலேயே என் விரல் நின்றுவிட்டது.

எங்கள் மெக்கானிக் ஆடியிலேயே துபாய்க்குப் போய்விட்டார். நானே குழாயைக் கழற்றினேன். உள்ளே பாலாடை போலப் பழுப்பாகக் கொழகொழப்பு. குழாய் முனையில், காற்றை ஒரு பக்கமாக மட்டும் விடும் பிசிவி வால்வைக் காதருகே ஆட்டினேன். கடகடக்க வேண்டும்; சத்தமே இல்லை. பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவினேன், ஆட்டினேன், மறுபடி கழுவினேன்.

லாத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "எனக்கு முந்தி அதுக்குப் பிரசவம் பாக்குறியாடா?"

"உள்ள போய்ப் படு லாத்தா. வலி இருக்கா?"

"இல்ல. நீ மூஞ்சிய அப்படி வச்சிருந்தா வந்துரும்."

ஒருவழியாக வால்வு கடகடத்தது. மாட்டப் போனால், நாள்பட எண்ணெயில் ஊறி விறைத்துப்போன குழாய் நீளவாக்கில் பிளந்தது. மழையில் பம்புசெட் கடைக்கு ஓடினேன். டீசல் எஞ்சினுக்குப் போடும் தடித்த குழாய்தான் இருந்தது.

"வயலுக்குத் தண்ணி எறைக்கத் தாங்கும்," என்றார் கடைக்காரர். "காருக்குத் தாங்குமான்னு என்னைக் கேக்காதீங்க."

வெந்நீரில் முக்கி இளக்கி மாட்டினேன். ஆயில் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் மூடியைக் கழற்றி அந்த வாயில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தேன். காகிதம் பறந்தால் அடைப்பு இன்னும் இருக்கிறது; உள்ளிழுத்து ஒட்டினால் சரி. துடித்தது, பிறகு மெல்ல ஒட்டியது. அந்தத் துடிப்பை நம்புவதா, ஒட்டியதை நம்புவதா என்று தெரியவில்லை.

வெள்ளோட்டம் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் காலையிலேயே லாத்தாவுக்கு வலி கண்டது. வடுவூர்ப் பக்கம் சாலையில் தண்ணீர் என்றார்கள். நீடாமங்கலம் வழியாகப் போனோம். நடவு முடிந்த வயல்கள் முழுகிக் கிடந்தன. நான் புகை வருகிறதா என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அணைத்தால் திரும்பக் கிளம்புமா? ஓடவிட்டால் எண்ணெயைத் தள்ளுமா? இறங்கி பானெட்டைத் திறந்தேன். குழாய் இருந்த இடத்தில் இருந்தது. டிப்ஸ்டிக்கும் எழும்பவில்லை.

பின்சீட்டிலிருந்து லாத்தா கத்தினாள். "கேட்டைத் தொறக்கச் சொல்லுடா! பானெட்டை ஏன் தொறக்குற?"

அணைக்காமலே காத்திருந்தேன். ரயில் போக ஒரு யுகம் ஆனது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வாசலில் அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். மதியத்துக்குள் ஆபரேஷன் முடிந்து, நர்ஸ் துணியில் சுற்றி ஒரு பெண் குழந்தையை நீட்டினார். என் கையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிக்கொண்டார். "என்னங்க இது? போய்க் கழுவிட்டு வாங்க."

சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. பெட்ரோல் வாசம் பிள்ளைக்கு ஆகுமோ ஆகாதோ என்று பயந்துகொண்டே வாங்கிக்கொண்டேன். தும்மினாள். மறுபடி தூங்கிப்போனாள்.