பெஞ்சுக்கு அடியில் ஐரீன்

லியோனார்ட் பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் முப்பது வருஷமாக ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்து மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி ஆசிரியர். கண்டிப்பானவர் என்று பெயர். அதில் அவருக்குப் பெருமையும் உண்டு.

பத்து வருஷத்துக்கு முன் அவர் வகுப்பில் ஐரீன் என்றொரு ஒன்பது வயதுப் பெண் இருந்தாள். நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் செபம் சொல்லத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். திமிர் என்று நினைத்தார். ஒருநாள் கையைப் பிடித்து இழுத்து வெளியே நிறுத்தினார். முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு இவள் லாயக்கில்லை என்று ஃபாதரிடம் சொல்லிப் பட்டியலிலிருந்து பெயரையும் எடுக்க வைத்தார். அதோடு அந்தக் குடும்பம் கோயிலுக்கு வருவதை விட்டது.

போன வருஷம் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஹெப்சிபா என்ற கல்வி உளவியலாளர் வந்திருந்தார். சில பிள்ளைகளுக்குச் சத்தம் அடி விழுவதுபோல வலிக்கும், அவர்கள் ஒளிவது அடங்காமை இல்லை, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே படமாகக் காட்டினால் பயம் குறையும் என்றார். லியோனார்டுக்கு அந்தம்மா மேல் எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷம் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? வீடு போய்ச் சேர்வதற்குள் அந்தக் கோபம் தன் மேலேயே திரும்பிவிட்டது. யார்டில் ஹாரன் சத்தம் தாங்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவர் அவர்.

மறுநாளே ஐரீனின் அம்மா ஜெசிந்தாவைத் தேடிப் போனார். வாசலில் நின்றபடியே பயிற்சியில் கேட்டதையெல்லாம் சொன்னார். ஜெசிந்தா உள்ளே கூப்பிடவில்லை.

"அவளுக்கு இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும் சார். ஆஸ்பத்திரில எப்பவோ சொல்லிட்டாங்க. நீ ஏன் எம்பொண்ணு கைய முறுக்குன? அத்த சொல்லு."

தப்புதான் என்றார். கதவு சாத்திக்கொண்டது.

சத்தமில்லாத ஒரு பூசை வேண்டும் என்று கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையில் கேட்டார். அந்த மாதிரிப் பிள்ளைகள் ஏற்கெனவே தேவதூதர்கள், அவர்களுக்கு நன்மை எதற்கு என்று செயலாளர் லூயிஸ் இரக்கமாகச் சிரித்தார். லியோனார்ட் எழுந்துவிட்டார்.

"தேவதூதர்னு சொல்லியே வாசலுக்கு வெளிய நிறுத்திட்டோம். ஐரீன் மனுஷி. அவள விரட்டினவன் நான். அத மினிட்ஸ்ல எழுதுங்க."

யாரும் எழுதவில்லை. ஆனால் வாரநாள் காலையில் மணியும் மைக்கும் இல்லாமல் ஒரு பூசை வைக்க ஃபாதர் ஒத்துக்கொண்டார்.

பேச்சு ஜெசிந்தா காதுக்கும் போனது. ஐரீனைக் கேட்டாள், அவள் சரியென்று தலையாட்டினாள். நானும் கூடவே உட்காருவேன், அவளைத் தொடக்கூடாது என்ற நிபந்தனைகளோடு மறைக்கல்விக்கு அழைத்துவந்தாள். லியோனார்ட் கோயிலையும் பூசையில் அடுத்தடுத்து நடப்பதையும் படம் படமாக எடுத்து அடுக்கிக் காட்டினார். வரிசை தப்பு என்று ஐரீன் இரண்டை மாற்றி வைத்தாள். அவள் வைத்ததுதான் சரி.

நாலு மாதம் கழித்து, பத்தொன்பது வயதில், அந்தச் சத்தமில்லாத பூசையில் அவள் நன்மை வாங்கினாள். பங்கு இதழுக்குப் படம் எடுக்க லூயிஸ் போனைத் தூக்கினார். லியோனார்ட் குறுக்கே போய் நின்றார்.

ஜெசிந்தா இன்றைக்கும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று அவரும் எதிர்பார்ப்பதில்லை.