குதிரையோடு லாயம் மாறியவர்

காலை ஐந்தரைக்கு லாயத்துக் கதவு திறந்ததும் வாளி அக்கா கண்ணை மூடிக்கொள்கிறார். லாயத்துக்கும் பயிற்சி மைதானத்துக்கும் நடுவே ஒரு தார்ச்சாலை. குதிரைகள் வரிசையாக அதைக் கடக்கும். அக்கா விளக்குக் கம்பத்தில் சாய்ந்தபடி, பதினான்கு குதிரைகளின் குளம்புச் சத்தத்திலிருந்து ஒன்றை மட்டும் காதால் பிரித்தெடுக்கிறார். ஆறாவது குதிரை கடந்ததும் என் பக்கம் திரும்பி, "இடது கால இன்னிக்கும் பயந்து பயந்துதான் வைக்கிறாரு" என்றார். நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

'வைக்கிறாரு' என்ற மரியாதை ஒன்பது வயதுக் குதிரை ஒன்றுக்கு. பந்தயப் பட்டியலில் அதற்கு மூச்சு வாங்கும் அளவுக்கு நீளமான பெயர் உண்டு. அக்கா 'பெரியவர்' என்று சுருக்கிவிட்டார். அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. குதிரைகளைக் குளிப்பாட்டித் தேய்த்துப் பராமரிப்பதுதான் தொழில். பிரஷ், குளம்பு சுரண்டும் கொக்கி, காலில் சுற்றும் துணிப்பட்டை எல்லாம் ஒரு நீல வாளிக்குள் இருக்கும். வேலை மாறும்போது அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

ஏழு வருடத்தில் நான்கு முறை வேலை மாறியிருக்கிறார். சம்பளத்துக்காக அல்ல. பெரியவர் ஓடுவது விலைப் பந்தயங்களில். அங்கே ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் முன்பே ஒரு விலை போட்டிருப்பார்கள். உரிமம் வைத்திருக்கும் யாரும் அந்த விலையைக் கட்டிவிட்டு, பந்தயத்துக்குக் கால் மணி நேரம் முன்புவரை ஒரு சீட்டு எழுதிப் பெட்டியில் போடலாம். ஓட்டம் தொடங்கும் இடத்தில் கூண்டுக் கதவு திறக்கும் நொடியில் குதிரை கைமாறிவிடும். பழைய முதலாளி மூச்சு விட முடியாது. ஓடி முடித்த குதிரை நேரே புது லாயத்துக்குப் போகும். அதுவரை அதைப் பார்த்துக்கொண்டவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

பெரியவர் இப்படி நான்கு முறை போனார். நான்கு முறையும் மறுநாள் காலை, அக்கா புது லாயத்து வாசலில் வேலை கேட்டு நின்றார். ஓரிடத்தில் ஆள் தேவையில்லை என்றார்களாம். "நான் பாட்டுக்குத் துடைப்பத்த எடுத்துப் பெருக்க ஆரம்பிச்சுட்டேன். எத்தனை நாளைக்குத்தான் வேணாம்னு சொல்லுவாங்க?" ஒன்பது நாள் சொன்னார்கள். பத்தாம் நாள் சம்பளப் பட்டியலில் சேர்த்தார்கள்.

அக்காவின் கணவர் பஸ் ஓட்டுநர். "தாலி கட்டுனது நான், வாக்கப்பட்டது குதிரைக்கு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இரண்டு மாதம் முன்பு அவருக்கே சிரிப்பு நின்றது. பெரியவரின் இடது முன்னங்காலில் நரம்பு வீங்கியிருந்தது. பத்து நாள் ஓய்வு கொடுத்துவிட்டு, பட்டை சுற்றி மறுபடி ஓடவிட்டார்கள். அக்கா பயிற்சியாளரிடம் மல்லுக்கு நின்றார். அது முதலாளியின் குதிரை, முடிவும் முதலாளியுடையது என்று பதில் வந்தது. அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கணவரிடம் சொல்லிவிட்டார்: "இன்னும் ரெண்டு ஓட்டம் ஓடுனா அந்தக் கால் முறிஞ்சிடும். நானே வாங்கப் போறேன்."

கையில் இருந்தது மாடி எடுப்பதற்காக வைத்திருந்த சேமிப்பு. கணவர் மெல்வதை நிறுத்தினார். "எங்க கட்டி வைக்கிறதா உத்தேசம்?" என்று மட்டும் கேட்டார். நாத்தனாரின் மாட்டுக் கொட்டகையில் ஏற்கெனவே இடம் பேசியாகிவிட்டது என்று பதில் வந்தது. தட்டச்சு நிலையம் நடத்தும் மகள் உரிமத்துக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுத்தாள்.

இதில் ஒரு முள் இருந்தது. ஒரு லாயத்தில் வேலை செய்பவர் அதே லாயத்துக் குதிரைக்குச் சீட்டுப் போடக் கூடாது. உள்ளுக்குள்ளேயே பேசி வைத்துக்கொள்வார்களாம். அதனால் அக்கா வேலையை விட்டார். ஒரு மாதமாகப் பெரியவரை வேறொருவர் தேய்க்கிறார், வேறொருவர் பட்டை கட்டுகிறார். "ரொம்ப இறுக்கிக் கட்டுறான். நடையிலயே தெரியுது." விளக்குக் கம்பத்தடியில் நின்றுதான் அக்கா இதைச் சொன்னார். அந்த விதியை எழுதியவர் மேல் எனக்குக் கோபம்தான். அக்காவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

பந்தய நாளன்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, முதல் ஆளாகச் சீட்டைப் போட்டார். ஆனால் கூண்டுக் கதவு திறந்த பிறகு பெட்டியைப் பார்த்தால், பெரியவருக்கு இரண்டு சீட்டுகள். மற்றொன்று ஒரு டைல்ஸ் கடை முதலாளியுடையது. ஓட்டம் முடிந்ததும் குதிரை யாருக்கு என்று குலுக்கிப் போடுவார்கள். அக்கா வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். கணவர் ஏதோ சொன்னார், காதில் ஏறவில்லை.

பெரியவர் வளைவு வரை ஐந்தாவதாக வந்தார். பிறகு ஒவ்வொருவராக முந்திப் போனார்கள். கடைசியாக, மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். மருத்துவர் மண்டியிட்டுக் காலைத் தடவினார். எலும்புக்கு ஒன்றுமில்லை, நரம்புதான் கிழிந்திருக்கிறது என்றார்.

நொண்டித் திரும்பும் குதிரையை மட்டும், சீட்டுப் போட்டவர் வேண்டாமென்று எழுதிக் கொடுக்கலாம். மருத்துவர் எழுந்திருப்பதற்குள் டைல்ஸ் கடைக்காரர் கையெழுத்திட்டுவிட்டார். குலுக்கலுக்கு வேலையில்லாமல் போயிற்று. பந்தய அலுவலர் அதே போல இன்னொரு தாளையும் பேனாவையும் அக்காவிடம் நீட்டினார். நல்ல மனிதர், அக்காவின் நிலைமை தெரிந்தவர்.

"கையெழுத்துப் போட்டுடுங்கம்மா. கட்டுன பணம் அப்படியே வந்துடும். இது இனிமே ஓடாது."

"ஓடவே ஓடாதா?"

"ஓடாதும்மா."

அக்கா கணவரைப் பார்த்தார். அவர் சட்டைப் பையில் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டார். அக்கா தாளை வாங்கினார், பேனாவை வாங்கவில்லை. தாளை நாலாக மடித்து, பெரியவரின் வாயோரம் வழிந்துகொண்டிருந்த நுரையைத் துடைத்துவிட்டார்.