காரின் உதடும் காரைதீவு நெல்லும்

என் பழைய காருக்கு அழகு போதாது என்ற கவலையில் நித்திரை கெட்டவன் நான். எண்பதுகளின் தொடக்கம், பந்தயக் கார்ப் படங்களைப் பார்த்துக் கெட்டுப்போயிருந்தேன். முன் பம்பருக்குக் கீழே பூட்டும் 'லிப்' என்ற பிளாஸ்டிக் பட்டையில், கல்முனைக் கடைக்காரர் நாலு விரல் அகலத்தில் ஒன்றும் ஒரு சாண் அகலத்தில் ஒன்றும் காட்டினார். சாண் அகலத்தையே பூட்டினேன். தரைக்கும் அதற்கும் இடையில் ஒரு செருப்புத்தான் நுழையும்.

அடுத்த வாரமே மனைவிக்குப் பிரசவ வலி. நிந்தவூரிலிருந்து கல்முனை ஆஸ்பத்திரிக்குக் காரை விரட்டினேன். காரைதீவில் பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே பஸ் வர, நெல்லின் மேல் ஏற்றினேன். மற்றக் கார்கள் நெல்லை மிதித்துப் போகும். என்னுடையது வாரிக் குவித்து, அந்தக் குவியலிலேயே புதைந்து நின்றது.

"கார் ஓட்டுறீங்களா, வயல் உழுறீங்களா?" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார் நெல்லுக்கார அம்மா.

"யா அல்லாஹ்!" என்று பின் சீற்றிலிருந்து மனைவி அலறினாள்.

பின் சீற்றை எட்டிப் பார்த்த அந்த அம்மா குவியலைக் காலால் தள்ளி, பாதி கழன்று தொங்கிய லிப்பைப் பிடுங்கி எறிந்தார். "நெல்லு கிடக்கட்டும், ஓடுங்க தம்பி!"

நல்லவேளை, மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பிறந்தாள்.

சில நாள் கழித்து, நன்றி சொல்ல இனிப்போடு போனேன். லிப்பையும் கேட்டு வாங்கலாம் என்ற நப்பாசை வேறு. அந்த அம்மா அதைக் கொண்டுதான் நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல சாமான் தம்பி," என்றார். "பின்னுக்கும் ஒண்டு இருந்தா கழட்டித் தாங்க."