நாய் டாக்டர் கட்சி மாறிய கதை

பூனைக்கும் கிளிக்கும்கூட வைத்தியம் பார்த்தார் என்றாலும், தெருவே அவரை ‘நாய் டாக்டர்’ என்றுதான் அழைத்தது. கூச்ச சுபாவி. கடிக்க வரும் நாயிடம் மணிக்கணக்கில் கொஞ்சிப் பேசுவார். அதன் சொந்தக்காரரிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. அப்பேர்ப்பட்டவரின் முகம் நாற்சந்தியில் விளம்பரப் பலகை ஏறியதற்குக் காரணம் அவருடைய கம்ப்யூட்டர்.

ஒரு பூனையின் எக்ஸ்ரேயைத் திறக்கும் நேரம் பார்த்து அது அப்படியே நின்றுவிட்டது.

“சனியனே! உன்னைத் தலைமுழுகினாத்தான் எனக்கு நிம்மதி!” என்று அதன் மண்டையில் ஒரு போடு போட்டார்.

பூனையைக் கொண்டுவந்தவர் விளம்பரக் கம்பெனிக்காரர். அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களைப் போட்டிக் கம்பெனியின் பக்கம் இழுப்பதுதான் அப்போது அவர் கையிலிருந்த வேலை.

“டாக்டர், இதே கோபத்தோட கேமரா முன்னால வந்து நிப்பீங்களா?”

கேமரா முன்னால் கோபம் வரவில்லை, வியர்வைதான் வந்தது. கடைசியில் ஒரு நாய்க்குட்டியை மடியில் வைத்த பிறகே முகம் மலர்ந்தது. ‘நான் மாறிட்டேன். நீங்க?’ என்று பலகை எழும்பியது. புதுக் கம்ப்யூட்டர் ஒன்றும் கிளினிக்குக்கு இலவசமாக வந்து இறங்கியது.

முன்னறையில் உட்கார்ந்து கிளினிக்கை நடத்துவது அவருடைய அக்கா. அவர் மேஜையில் இருந்ததும் அதே பழைய கம்பெனியின் கம்ப்யூட்டர்தான். “உனக்கும் ஒண்ணு வாங்கித் தரச் சொல்லட்டுமா?” என்று டாக்டர் கேட்டதற்கு அக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“நான் எதுக்குடா மாறணும்? என்கிட்ட இது ஒழுங்காத்தான் இருக்கு. நீ அடிக்கிற, அதான் உன்கிட்ட முரண்டு பிடிக்குது.”

புதியது பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் டாக்டருக்கு அதில் ஒன்றும் பிடிபடவில்லை. திரையில் படத்தை மூடும் பொத்தான் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போய்விட்டது; கை மட்டும் பழைய மூலைக்கே ஓடியது. அக்கா சாப்பிடப் போகும் நேரம் பார்த்து முன்னறைக்கு நழுவி, அங்கிருந்த பழையதில் எக்ஸ்ரே பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் முயலோடு வந்த அம்மாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

“மாறிட்டேன்னு போர்டுல நிக்கிறது நீங்கதானே? இதுல என்ன பண்றீங்க?”

“இதுக்கு... உடம்பு சரியில்ல. பாத்துட்டிருக்கேன்.”

செய்தி பழைய கம்பெனியின் காதுக்கு எட்ட எத்தனை நேரமாகும்? ஆட்கள் வந்துவிட்டார்கள். “திரும்பி வந்துட்டேன்னு ஒரு வரி சொன்னாப் போதும், சார்.” டாக்டர் மேஜைமேல் இருந்த நாயைக் கொஞ்ச ஆரம்பித்தார். அக்காதான் குறுக்கே வந்தார்.

“அவனை விடுங்க. மாறாதவ நான் இருக்கேன்ல?”

அக்காவுக்கு ஒரே டேக். ‘நான் எதுக்கு மாறணும்?’ என்று இடுப்பில் கைவைத்த அக்கா, தம்பிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் எழுந்தருளினார். சிக்னலில் நிற்பவர்களெல்லாம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். அத்தான் மட்டும் வேலைக்குப் போகும் வழியையே மாற்றிக்கொண்டார். “வீட்ல முறைக்கிறது பத்தாதா? ரோட்லயும் முறைக்கிறா.”

பலகைகள் இறங்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபரேஷன் செய்த நாயைப் பார்க்க டாக்டர் சீக்கிரமே வந்தார். உள்ளறையில் சிரிப்புச் சத்தம். புதுக் கம்ப்யூட்டரின் முன்னால் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெளியூரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்.

“அக்கா!”

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். “கத்தாதடா. இதுல முகம் பளிச்சுனு தெரியுது... ஒரு மாசமா ஞாயித்துக்கிழமை மட்டும்தான்.”

டாக்டருக்குத் திட்ட வாயில்லை. தன் முன்னறைத் திருட்டு இன்னமும் தினம் நடப்பதை அவரும் கக்கிவிட்டார். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. திரையில் மகளும் சிரித்தாள்.

“அப்ப இதைத் தூக்கு. அங்க வை. அதை இங்க கொண்டா,” என்றார் அக்கா. “முதல்ல வாசக்கதவைச் சாத்து. ரெண்டு கம்பெனிக்காரன்ல எவனாவது நாயோட வந்துடப்போறான்.”