பிபியானே தைத்த பூட்ஸ்

பிபியானே வாயில் பாதிப் பல்தான் இருந்தது. மீதிப் பாதியைக் கிரீன்லாந்துக்காரர்கள் பூட்ஸாகப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். சீல் என்கிற கடல்நாயின் தோலை மென்று மென்றுதானே பதமாக்க வேண்டும்! நாக்கு மட்டும் தேயவில்லை. அதை வைத்துத் திமிங்கிலத்தையே கூறு போடலாம்.

அவள் தைத்த பூட்ஸை மாட்டி, உள்ளே காய்ந்த புல்லைத் திணித்துக்கொண்டு தோல்படகில் உட்கார்ந்தால் போதும். பனிக்கட்டி மிதக்கிற தண்ணீரில் நாள் முழுக்கத் துடுப்புப் போட்டாலும், கால் அடுப்படி நாய்க்குட்டி மாதிரி சுகமாகத் தூங்கும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஊசிதான் அவளுக்குப் படியளந்தது. வேட்டைக்காரர்கள் பூட்ஸை வாங்கிக்கொண்டு கறி கொடுப்பார்கள்.

புருஷனின் தம்பி தோபியாஸுக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. அண்ணனுடைய ஈட்டியை இவன் கேட்க, அவள் அதை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து பகை. ஆனாலும் பூட்ஸுக்கு அவளிடம்தான் வருவான். அவன் பெண்டாட்டி போடுகிற தையலில் மீன்கூட நுழைந்து வெளியே போய்விடும்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒருநாள், கடலிலிருந்து வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்த தோபியாஸ், ஊரே கறி வெட்டிக்கொண்டிருந்த கரையில் பூட்ஸைக் கழற்றி அவள் முன்னால் விட்டெறிந்தான்.

"இந்தாங்க அண்ணி, உங்க கைவேலை! மீன் வளர்க்கலாம் இதுல."

"பயத்துல நீங்களே நனைச்சிருப்பீங்க கொழுந்தனாரே."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிங்க, நல்லா சிரிங்க! ரெண்டு விரல் நீலமாயிடுச்சு. இனிமே இவங்ககிட்ட பூட்ஸ் வாங்குறவன், காலே வேணாம்னு முடிவு பண்ணினவன்!"

சிரிப்பு நின்றது. புது பூட்ஸுக்காகக் கறியோடு வந்திருந்த எனோக், கறியை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். பிபியானே அதைப் பார்த்துவிட்டாள். குளிர்காலம் முழுக்க அடுப்பு அணைந்து கிடப்பது அவள் கண்முன் வந்து நின்றது.

பூட்ஸை எடுத்து, உள்ளே இருந்த புல்லையும் தண்ணீரையும் உதறிவிட்டு, தம் கட்டி ஊதினாள். அது சீல் குட்டி மாதிரி உப்பியது. பூட்ஸின் வாயை முறுக்கி மூடி, தையலை எனோக்கின் காதில் வைத்து அழுத்தினாள்.

"காத்து வருதா?"

"வரலக்கா."

"இன்னொண்ணையும் கேளு. அப்புறம் காதும் நனைஞ்சுதுன்னு சொல்லாத."

அதிலும் காற்று வரவில்லை.

"அப்ப தண்ணி வானத்துலேருந்தா வந்துச்சு?" என்று தோபியாஸ் கத்தினான்.

"திரும்புங்க."

"எதுக்கு?"

"திரும்புங்கன்னா!"

எனோக்கே அவனைப் பிடித்துத் திருப்பினான். கால்சட்டையின் பின்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"அதையும் நானா தைச்சேன்?"

அவன் உட்கார்ந்து வந்த படகைத் தூக்கி வந்து உள்ளே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். குதிகால் படுகிற இடத்தில், அடித்தோல் தேய்ந்து ஒழுகியது. பிபியானே பூட்ஸைத் திருப்பிக் காட்டினாள். அடியில் சரளை மணல் அப்பிக் கிடந்தது.

"அடியைத் தட்டாம ஏறியிருக்கீங்க. மணலு படகை அரைச்சிருக்கு. காலை நீட்டி உக்காந்திருக்கீங்க, உள்ள வந்த தண்ணி பூட்ஸ் வாய்வழியா ஏறியிருக்கு. நடக்கத் தெரிஞ்ச குழந்தைகூட தட்டிட்டுத்தானே ஏறும்!"

"அவசரம். சீல் தலைய நீட்டிச்சு."

"உங்க மூஞ்சியப் பாத்ததும் உள்ள இழுத்துக்கிச்சாக்கும்?"

எனோக் கறியை முன்னால் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

தோபியாஸ் பூட்ஸைப் பொறுக்கிக்கொண்டான். மன்னிப்பாவது, மண்ணாங்கட்டியாவது!

"எங்கண்ணன் உங்களோட எப்படித்தான் காலந்தள்ளினாரோ!"

"அவரு காலைத் தட்டிட்டுத்தான் வீட்டுக்குள்ள வருவாரு" என்று சொல்லிவிட்டு, பிபியானே கறியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.