இடப்பக்கத்து மடிப்பு

அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், அறுவைக் கருவிகளைக் கழுவி, எண்ணி, நீலத்துணியில் கட்டி, நீராவிப் பெட்டியில் ஏற்றி மேல்தளத்துக்கு அனுப்பும் பிரிவொன்று உண்டு. அதில் அவர் பணிக்குச் சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகியிருந்தன. சேர்ந்த முதல் வாரத்திலேயே பட்டப்பெயர் கிடைத்துவிட்டது. எல்லோரும் வலக்கையால் செய்வதை அவர் இடக்கையால் செய்தார். ஆகவே நொட்டாங்கை அக்கா. நாளடைவில் நொட்டாங்கை உதிர்ந்து அக்கா மட்டும் நின்றது. அவரைவிட மூத்த காவலாளிகூட அப்படித்தான் அழைத்தார்.

கட்டின்மேல் ஒட்டும் நாடாவின் ஒரு நுனியைச் சிறு காதுபோல் மடித்துவிடுவது அந்தப் பிரிவின் வழக்கம். அறுவை அறையில் கையுறை அணிந்த விரல்கள் அந்தக் காதைப் பிடித்து ஒரே இழுப்பில் உரித்துவிடும். எல்லோருடைய கட்டிலும் காது வலப்பக்கம் இருக்கும். அக்காவின் கட்டில் மட்டும் இடப்பக்கம். "அக்கா கட்டுன செட்டுன்னா நான் மேசையைச் சுத்தி அந்தப் பக்கம் போகணும். நடக்க வச்சே என்னை இளைக்க வைக்கிறீங்க" என்று அறுவை அறையின் தலைமைச் செவிலி பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார். சொல்லுபவர் இளைத்ததாகத் தெரியவில்லை.

அக்கா 'அம்மா' ஆனது சென்ற ஆண்டின் தொடக்கத்தில். புதிய மேற்பார்வையாளர் வந்தார். வயது முப்பத்தொன்று, குரலை உயர்த்தியறியாதவர். முதல் நாள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு வந்தவர், ஐம்பத்தாறு வயதான இவர் முன்னால் நின்று, "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றார். அதில் குறை காண ஒன்றுமில்லை. அடுத்த வாரம் பிரிவிலிருந்த இளையவர்கள் ஒவ்வொருவராக அம்மா என்று அழைக்கத் தொடங்கினர். மாதக் கடைசியில் அக்கா என்று அழைக்க அந்த அறையில் எவரும் இல்லை.

அம்மாவுக்குச் செய்யவேண்டியவையும் பின்னாலேயே வந்தன. தட்டைத் தூக்கப் போனால், "நீங்க தூக்காதீங்கம்மா" என்று யாராவது பறித்துக்கொண்டார்கள். எல்லோரும் நின்று வேலை செய்யும் கட்டும் மேசைக்கு, அவருக்கு மட்டும் மெத்தை வைத்த நாற்காலி வந்தது. அவர் கேட்கவில்லை. கொண்டுவந்து போட்ட பிள்ளைகளின் முகம் வாடக் கூடாதே என்று உட்கார்ந்தார். ஆறு மாதத்தில், நின்றால் முழங்கால் வலிக்கத் தொடங்கியது. புதிய நீராவிப் பெட்டிக்கான பயிற்சிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "உங்களுக்கு எதுக்கும்மா இந்த அவஸ்தை? இன்னும் நாலு வருஷந்தானே" என்று பதில் வந்தது. நான்கு ஆண்டு என்பது நீண்ட காலம் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டார். மூடிய வாய் அதற்குப்பின் பெரிதாகத் திறக்கவில்லை.

கணினித்திரை வந்தபோதும் இதே கதை. கட்டுபவர் தம் பணியாளர் எண்ணை அதில் பதிந்தால், அந்த எண்ணுடன் சீட்டு அச்சாகிக் கட்டின்மேல் ஒட்டப்படும். அக்காவின் எண் பதினேழு. "நீங்க தட்டாதீங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி, காலையில் யாராவது ஒருவர் பதினேழைப் பதிந்துவிட்டுப் போவார். பெரும்பாலும் அதைச் செய்தவள் புயல். இருபத்துநான்கு வயது, வேலையில் வேகம், பேச்சில் அதைவிட வேகம் என்பதால் அந்தப் பெயர். பதிந்த எண்ணை மாற்ற நேரமில்லாமல், அதே திரையில் மற்றவர்களும் சீட்டு எடுத்துக்கொண்டார்கள். அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?

ஒரு புதன்கிழமை காலை, பித்தப்பை அறுவைக்காக மேலே சென்ற ஒரு கட்டு கீழே திரும்பி வந்தது. நோயாளிக்கு மயக்கமருந்து கொடுத்தாகிவிட்டது; கட்டைப் பிரித்தால், இரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்கும் ஆறு கிளாம்புகளில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. கிளாம்பின் கைப்பிடியிலுள்ள பற்களை மாட்டாமல் திறந்தே வைத்துக் கட்டவேண்டும். மாட்டியிருந்தால் தாடைகளின் நடுவே நீராவி புகாது; சுத்தமானது என்று நம்பமுடியாது. வேறு கட்டு வரவழைத்து வேலையைத் தொடங்க இருபத்தைந்து நிமிடம் தாமதம். நோயாளிக்குத் தீங்கு நேரவில்லை. திரும்பிவந்த கருவிகளை, துணியும் நாடாவும் சீட்டும் உட்பட, ஒரு பையிலிட்டு முத்திரை வைத்து மேற்பார்வையாளரின் அலமாரியில் வைத்தார்கள். சீட்டில் பதினேழு என்றிருந்தது.

மேற்பார்வையாளர் அவரை அறைக்குள் அழைத்து, தாமே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம் தம்பி."

"உங்களை யாரும் குத்தம் சொல்லல. எங்க அம்மாவுக்கும் உங்க வயசுதான். கதவைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போயிட்டு, பூட்டுனமான்னு திரும்பி வருவாங்க. வயசு பண்ற வேலை அது."

"நான் கிளாம்பைத் திறந்துதான் வைப்பேன்."

"வைப்பீங்கம்மா, இல்லேங்கல. அந்த செட்டுல வச்சது ஞாபகம் இருக்கா?"

அக்கா நினைத்துப் பார்த்தார். முந்தின நாள் முப்பத்தொரு கட்டு கட்டியிருந்தார். முப்பத்தொன்றில் ஒன்று எந்த வயதினருக்கும் நினைவில் நிற்காது. அந்தப் பதில் அவருக்கு அப்போது தோன்றவில்லை. பையைப் பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்கவும் தோன்றவில்லை. அலமாரி அவர் தோளுக்குப் பின்னால் ஓரடித் தொலைவில் இருந்தது.

"ஞாபகம் இல்ல" என்றார்.

மேற்பார்வையாளர் ஒரு தாளை மெல்ல நகர்த்தினார். 'எனது வயதையும் உடல்நிலையையும் முன்னிட்டு, சலவைத்துணி மடிக்கும் அறைக்கு மாற்றும்படி என் சொந்த விருப்பத்தின்பேரில் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"திங்கக்கிழமைக்குள்ள குடுத்தா போதும்மா. விசாரணை அது இதுன்னு உங்களை அலைய விடாம முடிச்சிடலாம். உக்காந்த இடத்துல வேலை. ஒரு தொந்தரவும் இல்ல."

துணி மடிக்கும் அறையை ஊழியர்கள் தங்களுக்குள் 'பிளாட்பாரம்' என்பார்கள். அங்கே இருப்பவர்கள் வண்டிக்குக் காத்திருக்கிறார்கள் என்று பொருள். அக்காவே அந்தக் கேலியைச் சொல்லிச் சிரித்ததுண்டு. தாளை நான்காக மடித்துத் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். கோபம் வரும் என்று மாடிப்படிவரை எதிர்பார்த்தார். வரவில்லை.

அவருடைய கணவர் கண்ணாடி வெட்டுபவர், அறுபதைத் தாண்டியவர், சொந்தக் கடை. அவரை ஓய்வெடுக்கச் சொல்ல அவருக்குமேல் ஆளில்லை. வெள்ளிக்கிழமை மாலை அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்க, மனைவி எழுந்து சமையலறைக்குள் போய் அடுப்பின் திருகைப் பார்த்துவிட்டு வந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"நாலாவது தடவை" என்றார் கணவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்த அடுப்பு என்ன காலு மொளச்சு ஓடிடுமா?"

அக்கா மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். கணவர் இருமுறை படித்தார். அவர் கோபக்காரர், கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

"சொந்த விருப்பமா? யாரோட சொந்த விருப்பம்? நீ இதுல கையெழுத்து போட்டே, நான் நேரா வந்து அவன் டேபிள் கண்ணாடியை ரெண்டா வெட்டிட்டு வருவேன்."

"கத்தாதீங்க. ஒருவேளை நான்தான் பூட்டி வச்சிருந்தா?"

"நீ வச்சியா?"

"தெரியலங்க."

முப்பத்துமூன்று ஆண்டு இல்லறத்தில், தான் செய்த காரியத்தைப் பற்றித் தெரியவில்லை என்று மனைவி சொல்லி அவர் கேட்டதில்லை. இருவருக்கும் நடுவில் அந்தச் சொல் கிடந்தது. எடுத்து அப்புறப்படுத்த இருவரும் முயலவில்லை. கணவரே எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, "மூடித்தான் இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, அக்கா கட்டும் மேசையில் வைத்துத் தாளில் கையெழுத்திட்டார். எழுத்து கோணவில்லை. மேற்பார்வையாளரின் மேசையில் வைத்து, பறக்காமலிருக்க மேலே ஒரு பேனாவையும் வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒன்பதரைக்குத் தலைமைச் செவிலி மூச்சு வாங்கக் கீழே இறங்கி வந்தார். ஒரு வாரம் விடுப்பிலிருந்து அன்றுதான் திரும்பியவர்.

"என்னக்கா, நான் ஒரு வாரம் இல்லேன்னா நீங்க பிளாட்பாரத்துக்கு டிக்கெட் எடுத்துடுவீங்களா? மேல ஒரே பேச்சா இருக்கு!"

"சீட்டுல என் நம்பர் இருக்கு, சிஸ்டர்."

"நம்பர் கெடக்கட்டும். கட்டைப் பாத்தீங்களா நீங்க?"

"இல்ல."

செவிலி அவரை ஒருவிதமாகப் பார்த்தார். பிறகு மேற்பார்வையாளரின் அறைக்குள் போய், "தம்பி, அந்தப் பையை எடுங்க" என்றார். அவர் எடுத்துத் தம் மேசைமேல் பிரித்தார். மற்றவர்களும் கைவேலையை விட்டுவிட்டுச் சூழ்ந்து நின்றார்கள். கசங்கிய நீலத்துணியை, சீட்டின் எழுத்து நேராக நிற்கும்படி விரித்தபோது, நாடா அதில் பாதி ஒட்டியபடி இருந்தது.

"காது எந்தப் பக்கம் இருக்கு, சொல்லுங்க."

மேற்பார்வையாளர் குனிந்தார். "வலது பக்கம், சிஸ்டர்."

"இருபத்திரண்டு வருஷமா இவங்க கட்டை உரிக்க நான் மேசையைச் சுத்தி நடக்கறேன். ஒரு நாளாவது வலது பக்கம் வச்சு எனக்குப் புண்ணியம் கட்டிக்கிட்டதில்ல இந்த மகராசி. அன்னிக்கு மட்டும் கை மாறிடுச்சாமா?"

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து புயலின் குரல் வந்தது. அன்று அந்தக் குரலில் வேகமில்லை.

"நான் கட்டுனது சார். செவ்வாக்கிழமை சாயங்காலம் நிறைய செட்டு நின்னுச்சு. அம்மாவோட நம்பர் ஸ்கிரீன்ல இருந்துச்சு, நான் மாத்தல. சீட்டுல பதினேழுன்னு சொன்னதும் நானும் அவங்கன்னுதான் நெனச்சேன். சத்தியமா. இப்ப அந்த டேப்பைப் பாத்ததும்தான்..." அழத் தொடங்கிவிட்டாள்.

அவள் பொய் சொல்லவில்லை. தவறு என்றதும் அவளுக்கும் முதலில் அக்காவின் முகந்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. அக்காவுக்கும் தம் முகமே வந்தது.

மேற்பார்வையாளர் நேர்மையானவர். எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். இனி அவரவர் எண்ணை அவரவரே பதியவேண்டும் என்று அங்கேயே உத்தரவிட்டார். பேனாவுக்கடியிலிருந்த தாளை எடுத்துக் கிழிக்கப் போனவர், கிழிக்குமுன் ஒரு கணம் தயங்கினார்.

"ஆனாலும் அம்மா, ஒரு வார்த்தை. இந்தத் தப்பு உங்களுது இல்ல, சரி. இருந்தாலும் துணி ரூம் உங்க முழங்காலுக்கு வசதியா இருக்குமே. யோசிச்சுப் பாக்கறீங்களா?"

"ஐயோ, என் தலையெழுத்தே!" என்று செவிலி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. நான் இங்கேயே இருக்கேன்" என்றார் அக்கா.

தாள் கிழிந்தது. செவிலி அக்காவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படியேறினார். மகிழ்ச்சி வருமென்று அக்கா காத்திருந்தார். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல், 'என் தவறில்லை' என்று மனத்துக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். கிள்ளுவது தெரிந்தது, வலி தெரியவில்லை.

பிற்பகல் மெத்தை நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு நின்றார். முழங்கால் வலித்தது, நின்றார். திரையில் ஒன்றையும் ஏழையும் தாமே தட்டினார். பித்தப்பை அறுவைக்கான கருவித் தொகுதியொன்றை எடுத்து, ஆறு கிளாம்புகளையும் பல் மாட்டாமல் வரிசையாக வைத்து, துணியை மடித்து, நாடாவை ஒட்டி, இடப்பக்கத்து நுனியைக் காதாக மடித்தார். கை தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. எதிர்மேசையிலிருந்து புயல் அழுத கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டைத் தூக்கித் தட்டடுக்கில் வைக்கப் போனவர், வைக்காமல் திரும்பக் கொண்டுவந்தார். காதைப் பிடித்து நாடாவை உரித்தார். துணியைப் பிரித்தார். ஆறும் திறந்திருந்தன. துணியை மாற்றிப் புதிதாகக் கட்டினார். மறுபடி நாடா, மறுபடி காது. கட்டின்மேல் இரு கைகளையும் வைத்தபடி நின்றார்.

"சரியாத்தான் இருந்துச்சு, அக்கா" என்றாள் புயல். ஓராண்டுக்குப் பிறகு அந்தப் பிரிவின் ஆள் ஒருவர் வாயிலிருந்து அந்த விளி வந்தது. "நான் பாத்துட்டேதான் இருந்தேன். ஆறுமே திறந்துதான் வச்சீங்க."

"ம்" என்றார் அக்கா.

நான்கு மணிக்குள் ஒன்பது கட்டு முடிந்திருக்கவேண்டும். அடுக்கில் அவருடைய கட்டு ஒன்றுகூட ஏறவில்லை. அவருடைய இடக்கை விரல்கள் நாடாவின் நுனியைத் தேடிப் போயின.